பெயரை மாற்றினால் மோதல் தீருமா?

லினக்ஸில் லைப்ரரிப் பதிப்புகள் மோதினால் எங்கே கேட்டாலும் ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது. புதிய பதிப்பை எங்கிருந்தாவது கொண்டுவந்து போடு. பெயர் பொருந்தவில்லையா, இருக்கும் கோப்பை வேறு பெயரில் சுட்டும் ஒரு சிம்லிங்க் உருவாக்கு. பேக்கேஜ் மேலாளர் மறுக்கிறதா, வற்புறுத்தி நிறுவு. வேலை நடந்தால் போதும். கல்லூரி ஆய்வகங்களிலும் சர்வர் அறைகளிலும் அனுபவசாலிகளின் வாயிலிருந்தே இந்த அறிவுரை வருகிறது. கர்னலில் உள்ள கேவிஎம், கணினியின் பாகங்களைப் பாவனை செய்யும் கியூஎமு, இவற்றை நிர்வகிக்கும் லிப்வெர்ட், அதன் வரைகலை முகமான வெர்ட்-மேனேஜர் என்று பல அடுக்குகள் ஒன்றையொன்று நம்பி நிற்கும் மெய்நிகர் கணினி அமைப்பில் இந்த மருந்து நோயைவிடப் பெரிய கேட்டைச் செய்கிறது.

அந்தத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. நிலைத்த டிஸ்ட்ரோக்கள் தருவது பழைய பதிப்புகளைத்தான். உபுண்டு 22.04 தருவது கியூஎமு 6.2, லிப்வெர்ட் 8.0. டெபியன் 12 தருவது கியூஎமு 7.2, லிப்வெர்ட் 9.0. அண்மையில் வந்த செயலியின் வசதிகளை மெய்நிகர் கணினிக்குள் கொண்டுபோக விரும்புபவருக்கு இவை போதாமல் போகலாம். மூலநிரலை எடுத்துத் தானே கட்டிக்கொள்ளும் உரிமை திறமூல மென்பொருளின் அடிப்படை. சிம்லிங்க் போட்ட பிறகு சில நிரல்கள் ஓடவும் செய்கின்றன. ஒரு பேக்கேஜைத் தேடிப் போய் அது கேட்கும் இன்னொன்றையும், அது கேட்கும் மற்றொன்றையும் கையால் இறக்கி அலுத்துப்போன தலைமுறையின் எரிச்சலும் இந்தக் கருத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இத்தனையையும் ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த வாதம் நிற்கவில்லை. அதன் ஆறு கூற்றுகளையும் தனித்தனியே எடுத்துப் பார்க்கலாம்.

1. பெயர் பொருந்தினால் லைப்ரரியும் பொருந்தும் என்கிறார்கள்.

பொருந்தாது. ஒரு நிரலைக் கட்டும்போதே, ஓடும் நேரத்தில் அதற்கு எந்த லைப்ரரி வேண்டும் என்ற பெயர் அதற்குள் பதிந்துவிடுகிறது. அந்தப் பெயரின் கடைசியில் உள்ள எண்ணை லைப்ரரியின் ஆசிரியர்கள் மாற்றினால், பழைய நிரல்களோடு இது இனி ஒத்துப்போகாது என்று அவர்களே அறிவிக்கிறார்கள் என்று பொருள். குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளியானது 2021 செப்டம்பரில். அதோடு லைப்ரரியின் எண் 1.1 என்பதிலிருந்து 3 ஆனது. உபுண்டு 22.04 பழையதைக் கைவிட்டது. 3 என்று முடியும் கோப்புக்கு 1.1 என்று முடியும் ஒரு சிம்லிங்க் போட்டால் தீர்ந்தது என்ற யோசனை உடனே பரவியது.

போட்டவர்கள் கண்டது என்ன? 'கோப்பு இல்லை' என்ற செய்தி போய், 'ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற பதிப்பு இதில் இல்லை' என்ற செய்தி வந்தது. நிரலையும் லைப்ரரியையும் ஓட்ட நேரத்தில் இணைக்கும் டைனமிக் லிங்க்கர் கோப்பின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. நிரல் நாடும் ஃபங்ஷன்களின் மேலிருக்கும் பதிப்புக் குறிகளையும் அது சரிபார்க்கிறது. ரத்தப் பையின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றி எழுதுவதால் உள்ளிருக்கும் ரத்தத்தின் வகை மாறிவிடாது.

இந்தச் சம்பவத்தில் லிங்க்கர் தடுத்துவிட்டது. பதிப்புக் குறிகள் இல்லாத லைப்ரரிகளில் தடுக்க எதுவுமில்லை. புதிய பதிப்பில் ஒரு ஸ்ட்ரக்சர் சில பைட்டுகள் வளர்ந்திருக்கும். பழைய அளவுக்கே இடம் ஒதுக்கி வைத்திருக்கும் நிரலின் நினைவகத்தில் லைப்ரரி அந்த எல்லையைத் தாண்டி எழுதும். நிரல் தொடங்கும், ஓடும், வேறு ஏதோ ஒரு வேலையின் நடுவில் விழும். விழாமல் தவறான தரவைக் கொண்டுபோய் வட்டில் எழுதிவிடுவது இன்னும் மோசம். சிம்லிங்க் போட்டேன், ஓடியது என்று சொல்பவர்கள் பார்த்தது தொடக்கத்தை மட்டும்தான்.

2. மூலநிரலைக் கட்டி /யுஎஸ்ஆர்/லோக்கல் அடைவில் வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்கிறார்கள்.

அது ஒதுக்குப்புறம் என்ற நம்பிக்கையே தவறு. டெபியனிலும் உபுண்டுவிலும் லைப்ரரி தேடும் வரிசையில் /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குக் கீழே உள்ள அடைவுகளுக்குத்தான் முன்னுரிமை. அங்கே ஒரு லைப்ரரியை வைத்து எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டிவிட்டால், அதே பெயரை நாடும் எல்லா நிரல்களும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரோ தந்த நிரல்களும் அதற்கு விலக்கல்ல.

லிப்வெர்ட்டில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எத்தனையோ பதிப்புகள் வந்தும் லைப்ரரியின் எண் இன்றுவரை 0தான். வெளி நிரல்களுக்காகத் திறந்துவைத்த ஃபங்ஷன்களை அவர்கள் உடைப்பதில்லை என்பதால் எண்ணை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் லிப்வெர்ட்டின் டீமனும் வெர்ஷ் கட்டளையும் வெளி ஃபங்ஷன்களோடு நிற்பதில்லை. உள் ஃபங்ஷன்களையும் அழைக்கின்றன. அவற்றின் மேல் 'லிப்வெர்ட்_பிரைவேட்_8.0.0' என்பதுபோல் துல்லியமான வெளியீட்டு எண் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த உள் ஃபங்ஷன்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரே வெளியீட்டில் பிறந்த டீமனும் லைப்ரரியும் மட்டுமே சேர்ந்து வாழ முடியும் என்பது திட்டமிட்டே எடுத்த முடிவு.

ஆகவே உபுண்டு 22.04இல் புதிய லிப்வெர்ட்டைக் கட்டி /யுஎஸ்ஆர்/லோக்கலில் வைத்தவுடன், டிஸ்ட்ரோவின் டீமன் பெயரை நம்பிப் புதிய லைப்ரரியைத் திறந்து, 8.0.0 குறி அதில் இல்லாததால் தொடங்க மறுக்கும். அடுத்த மறுதொடக்கத்தில், தானாக எழ வேண்டிய மெய்நிகர் கணினிகள் எழாது. இத்தனைக்கும் பிழைச் செய்தியே குற்றவாளி கோப்பின் முழுப் பாதையைச் சொல்லியிருக்கும். 'லோக்கல்' என்ற சொல் அந்த வரியில் இருந்தும் அதைப் படிக்காமல், இன்னும் புதிய பதிப்பு ஒன்றைக் கட்டத் தொடங்குகிறார்கள்.

ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியில் இதே தவறு கணினி முழுவதையும் வீழ்த்தும். ஜிலிப்சியும் அதனுடன் வரும் டைனமிக் லிங்க்கரும் 'ஜிலிப்சி_பிரைவேட்' என்ற குறியால் பிணைக்கப்பட்டவை. ஒன்றைப் புதியதாகவும் மற்றதைப் பழையதாகவும் வைத்தால் கோப்புகளைப் பட்டியலிடும் எளிய கட்டளைகூட ஓடாது. தவறாகப் போட்ட சிம்லிங்கைத் திருத்தும் கட்டளைக்கும் அதே லைப்ரரி தேவை என்பதால் திரும்பி வரும் வழியும் அடைபடும். இந்த ஆபத்தை அறிந்தே ஜிலிப்சி ஆசிரியர்கள் எந்த லைப்ரரியையும் சாராமல் சிம்லிங்க் போடும் 'எஸ்எல்என்' என்ற தனிக் கருவியை உடன் வைத்தார்கள்.

3. பேக்கேஜ் மேலாளர் தேவைக்கு மேல் கண்டிப்பானது, அதை மீறலாம் என்கிறார்கள்.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதவர்களே இப்படிப் பேச முடியும். டெபியன் பேக்கேஜ் ஒன்றைக் கட்டும்போது, அந்த நிரல் எந்தெந்த லைப்ரரிகளின் எந்தெந்த ஃபங்ஷன்களை நாடுகிறது என்று ஒரு கருவி ஆராய்கிறது. லைப்ரரிகளோடு வரும் குறிப்பேடுகளில் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தப் பதிப்பில் அறிமுகமானது என்ற விவரம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் 'இந்தப் பதிப்பு அல்லது அதற்கு மேல்' என்ற நிபந்தனை பெரும்பாலும் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கை மீறி நிறுவச் சொல்லும் கட்டளை, இல்லாத ஃபங்ஷனை இருப்பதாக ஆக்கிவிடாது.

ஒரு நடப்பு உதாரணம். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34இல், நிரலின் தொடக்கத்தைக் கவனிக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்புக் குறி கிடைத்தது. அதற்குப் பிறகான ஜிலிப்சியோடு கட்டிய சாதாரண நிரல்கூடப் பழைய கணினியில் தொடங்காது. ஜிலிப்சி 2.31 உள்ள உபுண்டு 20.04இல் அப்படியொரு நிரலைப் போட்டவர் '2.34 இல்லை' என்ற செய்தியைப் பார்க்கிறார். 22.04இன் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து ஜிலிப்சியை மட்டும் இழுத்துக்கொள் என்று அறிவுரை கிடைக்கிறது. இழுத்தால் அது தனியாக வருவதில்லை. தன்னோடு பொருந்தும் வேறு சிலவற்றையும் கொண்டுவரும், பொருந்தாத சிலவற்றை நீக்கவும் கேட்கும். கணினி 20.04ஆகவும் இருக்காது, 22.04ஆகவும் இருக்காது. யாரும் சோதித்துப் பார்த்திராத ஒரு கலவை மிஞ்சும். இப்படிக் கலந்த கணினிகளுக்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்றே பெயரிட்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று டெபியன் சமூகம் வெளிப்படையாக எச்சரிக்கிறது.

4. புதிய பதிப்புதான் பாதுகாப்பானது என்கிறார்கள்.

பதிப்பு எண்ணை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாம் பாதிக்கப்பட்டவை. டெபியன் 7 புதிய பதிப்புக்குத் தாவவில்லை, தன்னிடமிருந்த 1.0.1இ பதிப்பிலேயே திருத்தத்தை ஒட்டி, பேக்கேஜ் எண்ணின் வாலை மட்டும் மாற்றி வெளியிட்டது. எண் பழையது, ஓட்டை அடைபட்டது. நிலைத்த டிஸ்ட்ரோக்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பணி இதுதான்.

மறுபக்கம் 2024 மார்ச்சில் தெரிந்தது. எக்ஸ்இசட் சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு நுழைத்த பின்வாசலை மென்பொருளாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் அப்போதைய மிகப் புதியவை. டெபியனின் சோதனைக் கிளைகள்வரை அவை போய்ச் சேர்ந்திருந்தன. பழையதிலேயே நின்ற நிலைத்த வெளியீட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பழையது எப்போதும் பாதுகாப்பு என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாதுதான். 2015 மே மாதம் வெளிப்பட்ட 'வெனம்' ஓட்டை கியூஎமுவின் ஃபிளாப்பி கட்டுப்பாட்டு நிரலில் 2004 முதல் கிடந்தது. ஆனால் வெனம் வெளிப்பட்ட அன்று டிஸ்ட்ரோவின் கியூஎமுவை வைத்திருந்தவரால் ஒரு வழக்கமான மேம்படுத்தலோடு அதிலிருந்து தப்ப முடிந்தது. கையால் கட்டி நிறுவிய கியூஎமுவை எந்த மேம்படுத்தலும் தொடாது. கட்டியவர் வேறு வேலைக்குப் போயிருந்தால், அப்படியொன்று இருக்கிறது என்ற செய்தியே யாருக்கும் தெரியாது.

5. எல்லா லைப்ரரிகளையும் நிரலோடு சேர்த்தே கட்டிக்கொடுத்துவிட்டால் மோதலே வராது என்கிறார்கள்.

மெய்நிகர் கணினிகளை உருவாக்கித் தரும் கருவியான வேக்ரன்ட் அப்படித்தான் செய்தது. ரூபியையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் தன் அடைவுக்குள்ளேயே சுமந்து வந்தது. ஆனால் கேவிஎம்மோடு பேச உதவும் அதன் லிப்வெர்ட் ப்ளகின் கணினியின் லிப்வெர்ட்டை நாட வேண்டும். அதன் வழியாகக் கணினியின் கெர்பரோஸ், எஸ்எஸ்எச் லைப்ரரிகளும் உள்ளே வரும். ஃபெடோராவிலும் சென்ட்ஓஎஸ் 8இலும் இவை ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷன் குடும்பத்தை எதிர்பார்த்தன. ரெட் ஹேட் தன் 1.1.1 பதிப்பில் கூடுதலாகச் சேர்த்திருந்த ஃபங்ஷன்கள் அவை. வேக்ரன்ட் சுமந்துவந்ததும் 1.1.1தான், ஆனால் அதில் அவை கிடையாது. பதிப்பு எண் ஒன்றே, உள்ளடக்கம் வேறு. விளைவு, 'வரையறுக்கப்படாத குறியீடு' என்ற பிழை. கெர்பரோஸையும் எஸ்எஸ்எச் லைப்ரரியையும் மறுபடி கட்டி வேக்ரன்ட்டின் அடைவுக்குள் வைக்கும் சுற்றுவழியைப் பயனர்கள் பின்பற்ற வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதியைச் சுமந்துவந்து மீதியைக் கணினியிடம் கேட்பது கலவை. முழுத் தொகுதியையும் தனியே வைப்பது பிரிப்பு. கன்டெய்னருக்குள் கியூஎமுவையும் லிப்வெர்ட்டையும் அவற்றின் எல்லா லைப்ரரிகளோடும் வைத்தால், வெளியிலிருந்து அவை எந்த லைப்ரரியையும் எடுப்பதில்லை. கர்னலிடம் மட்டும் பேசுகின்றன. அந்தப் பேச்சு நிலையானது: 2007 பிப்ரவரியில் 2.6.20 கர்னலோடு வந்த கேவிஎம், வெகு சீக்கிரமே தன் இடைமுகத்தின் எண்ணை 12 என்று நிலைப்படுத்தி இன்றுவரை காத்துவருகிறது. குபெர்னெட்டிஸ் மேல் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூப்வெர்ட் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. எல்லையை எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்தே அமைப்பு நிற்கும். வேக்ரன்ட்டில் எல்லை லைப்ரரிகளின் நடுவே விழுந்தது. கன்டெய்னரில் அது கர்னலின் விளிம்பில் விழுகிறது.

6. வேலை நடந்தால் போதும் என்கிறார்கள்.

எதுவரை நடந்தால்? கியூஎமு ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு 'மெஷின் டைப்' கொடுக்கிறது. கியூஎமு 8.2இல் உருவாக்கியதற்கு 'பிசி-கியூ35-8.2' என்று அமைப்புக் கோப்பில் பதிவாகலாம். கையால் கட்டிய அந்தக் கியூஎமு ஒருநாள் தகராறு செய்து, டிஸ்ட்ரோவின் 6.2க்குத் திரும்பினால் அந்த மெய்நிகர் கணினி தொடங்காது, 6.2க்கு அந்த வகை தெரியாது. ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே நினைவகத்தோடு சேமித்துவைத்த பிரதிகளும் பழைய கியூஎமுவில் உயிர்பெறாது. ஒரு லைப்ரரி மோதலை அவசரமாக அடக்கியதன் விலையை, அதற்குச் சம்பந்தமே இல்லாத விருந்தினர் கணினியின் தரவு கொடுக்கிறது.

பாதுகாப்பு வேலியும் உடைகிறது. உபுண்டுவில் மெய்நிகர் கணினிகளைக் கட்டுக்குள் வைக்கும் ஆப்ஆர்மர், கோப்பு இருக்கும் பாதையைப் பார்த்து அனுமதி தருகிறது. விதிகள் டிஸ்ட்ரோ வைக்கும் பாதைகளுக்கு எழுதப்பட்டவை. வேறிடத்தில் நிறுவிய கியூஎமுவை அது தடுத்தால், ஆப்ஆர்மரையே அணைத்துவிடு என்பதுதான் அடுத்து வரும் அறிவுரை. ஒரு சிம்லிங்கில் தொடங்கிய வைத்தியம் விருந்தினரையும் புரவலரையும் பிரிக்கும் சுவரை இடிப்பதில் வந்து முடிகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் செய்தியைப் படிக்க வேண்டும். எந்தக் கோப்பு, எந்தப் பாதையில், எந்தக் குறியை, யாருக்காகத் தேடியது என்ற நான்கு விவரங்களும் பெரும்பாலும் அந்த ஒரே வரியில் இருக்கும். எல்டிடி கட்டளை நிரல் எந்தப் பாதையிலிருந்து எதை எடுக்கிறது என்று காட்டும். 'எல்டி_டீபக்' என்ற சூழல் மாறியில் 'லிப்ஸ்' என்று கொடுத்தால் லிங்க்கர் தேடிய இடங்கள் வரிசையாக வெளிவரும். அந்தக் கோப்பை எந்தப் பேக்கேஜ் கொண்டுவந்தது என்று டிபிகேஜி அல்லது ஆர்பிஎம் கருவியைக் கேட்கலாம். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தால் வேண்டாத விருந்தாளி பிடிபட்டது. ஒரு பேக்கேஜின் பெயர் பதிலாக வந்தால், அதன் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை 'ஆப்ட் பாலிசி' சொல்லிவிடும்.

இப்படிப் பார்த்தால் பல வேளைகளில் லைப்ரரியைத் தொடவே வேண்டியிருக்காது. வெர்ட்-மேனேஜர் பைத்தானில் எழுதியது. அதன் சில பதிப்புகள், பாதையில் முதலில் கிடைக்கும் பைத்தானோடு தொடங்கும்படி எழுதப்பட்டவை. அனகோண்டா என்ற தனிப் பைத்தான் தொகுப்பை நிறுவிய கணினியில் முதலில் கிடைப்பது அனகோண்டாவின் பைத்தான். அதில் 'ஜிஐ' மாட்யூல் இருக்காது, வெர்ட்-மேனேஜர் எழாது. பிப் மூலம் அந்த மாட்யூலை நிறுவு என்பார்கள். நிறுவினால் அடுத்து லிப்வெர்ட் மாட்யூல் இல்லை என்று வரும், அதன்பின் இன்னொன்று. கணினியின் சொந்தப் பைத்தானில் இவை எல்லாம் சரியான பதிப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. அனகோண்டா சூழலிலிருந்து வெளியே வந்துவிட்டு ஓட்டினால் போதும். நோய் இருந்தது பாதை வரிசையில். வைத்தியம் நடந்தது லைப்ரரிக்கு. டெபியன் 12 முதல் கணினியின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவுவதை மறுக்கிறது என்றால், இந்தக் குழப்பத்தைப் பலகாலம் பார்த்த பிறகு வந்த கட்டுப்பாடு அது.

புதிய கியூஎமு உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு நேர்வழிகள் இருக்கின்றன. டெபியன் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் நிலைத்த வெளியீட்டின் லைப்ரரிகளோடு பொருந்தும்படியே புதிய பதிப்பை மறுபடி கட்டித் தருகிறது. உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளுக்கு கிளவுட் ஆர்க்கைவ் இருக்கிறது. ஃபெடோராவுக்கு வெர்ட்-ப்ரிவ்யூ உண்டு. கையால்தான் கட்ட வேண்டும் என்றாலும் கணினிக்குள் நிறுவ வேண்டிய கட்டாயமில்லை. கியூஎமுவைக் கட்டிய அடைவிலிருந்தே ஓட்டலாம். லிப்வெர்ட்டும் நிறுவாமலே சோதித்துப் பார்க்க 'ரன்' என்ற ஸ்கிரிப்டைத் தருகிறது. தனி அடைவில் வைத்த கியூஎமுவை, ஒரே ஒரு மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பில் 'எமுலேட்டர்' என்ற வரியில் மட்டும் சுட்டி, அந்தப் பாதைக்கு மட்டும் ஆப்ஆர்மரில் அனுமதி எழுதிவிடலாம். மற்ற மெய்நிகர் கணினிகள் டிஸ்ட்ரோவின் கியூஎமுவிலேயே தொடரும். மெஷின் டைப்பைப் பழைய பதிப்பின் பெயரிலேயே வைத்திருந்தால், திரும்பி வரும் வழியும் திறந்திருக்கும்.

ஆய்வகக் கையேடுகளிலும் நிறுவனங்களின் நிறுவல் குறிப்புகளிலும் 'பிழை வந்தால் சிம்லிங்க் போடவும்', 'வற்புறுத்தி நிறுவவும்' என்ற வரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட வேண்டும். அவற்றின் இடத்தில், பிழைச் செய்தியில் உள்ள பாதை எது, அந்தக் கோப்பைக் கொண்டுவந்த பேக்கேஜ் எது, செய்யப்போகும் மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை எது என்ற மூன்று கேள்விகளை எழுத வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாத எந்த வழிமுறையையும், பிறருடைய மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வரில் கடைப்பிடிக்க அனுமதிக்கக் கூடாது.